மூலனூர் வட்டாரத்தில் காற்று இயந்திரங்கள்: இரைச்சலும் இடமும்

திருப்பூர் மாவட்டத்தின் தென்கிழக்குப் பகுதியில், தாராபுரத்திலிருந்து கரூர் செல்லும் சாலையில் அமைந்துள்ள மூலனூர், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நடைபெறும் பருத்தி ஏலத்தாலும் முருங்கைச் சாகுபடியாலும் அறியப்பட்ட பேரூராட்சியாகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் இந்த வானம் பார்த்த பூமி, 1979 வரை கோயம்புத்தூர் மாவட்டத்திலும், பின்னர் 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவாகும் வரை ஈரோடு மாவட்டத்திலும் இருந்தது. ஆகவே இவ்வூரின் தொழில் வரலாற்றை அம்மூன்று நகரங்களின் வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. காற்றை அமுக்கித் தொட்டியில் சேர்க்கும் கம்ப்ரசரும், ஒரு கலத்திலுள்ள காற்றை உறிஞ்சி வெளியேற்றும் வேக்குவம் பம்பும் இங்கு வந்து சேர்ந்த வழியும் அத்தகையதே.

இவ்விரண்டும் இயல்பிலேயே இரைச்சல் மிகுந்த இயந்திரங்கள். ஆயினும் கொங்கு வட்டாரத்தில் அவை புழங்கிய காலத்தின் பெரும்பகுதியில் அந்த இரைச்சல் ஒரு சிக்கலாகக் கருதப்படவில்லை. இயந்திரத்தை வீட்டிலிருந்து தள்ளி வைத்ததே போதுமானதாக இருந்தது. தொழில் வீட்டுக்குள் நுழைந்து, தள்ளி வைக்க இடமில்லாமல் போன பிறகுதான் ஓசையை இயந்திரத்துக்குள்ளேயே அடக்க வேண்டிய தேவை எழுந்தது. எனவே ஓசையற்ற கம்ப்ரசரின் வரலாறு என்பது, பொறியியல் முன்னேற்றத்தின் வரலாறு என்பதைவிட, வேலை நடைபெறும் இடம் மாறிய வரலாறு என்பதே பொருந்தும்.

துருத்தி முதல் ஊதுவிசிறி வரை

காற்றைக் கருவியாகக் கொண்ட தொழில் இப்பகுதிக்குப் புதியதன்று. நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே உள்ள கொடுமணலில் 1980களில் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய அகழாய்வுகள், இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளின் எச்சங்களையும், உலைக்குள் காற்றைச் செலுத்திய சுடுமண் குழாய்களையும் வெளிக்கொணர்ந்தன. விறகுக்கரி தானாக எரியும்போது எட்ட முடியாத வெப்பத்தை, இடைவிடாமல் காற்றை ஊதுவதன் மூலமே அவ்வுலைகள் எட்டின. அந்தக் காற்றைத் தந்தது தோலால் ஆன துருத்தி.

துருத்தியின் அமைப்பில் இன்றைய கம்ப்ரசரின் அடிப்படைகள் அனைத்தும் உள்ளன. தோற்பையை விரிக்கும்போது உள்ளே காற்றை விடவும், அமுக்கும்போது அது வந்த வழியே திரும்பாமல் தடுக்கவும் ஒரு மடல் தேவை. பிஸ்டன் கம்ப்ரசரின் தலையில், மெல்லிய எஃகுத் தகட்டால் ஆன ரீட் வால்வு செய்வதும் இதே வேலைதான். ஒரே துருத்தியால் ஊதினால் காற்று விட்டுவிட்டு வரும் என்பதால், இரண்டை மாறிமாறி இயக்கித் தொடர்ச்சியான வீச்சைப் பெறும் வழக்கம் கொல்லர்களிடையே இருந்தது. இரட்டைச் சிலிண்டர் கம்ப்ரசரின் நோக்கங்களுள் ஒன்றும் அதுவே. வேறுபாடு அழுத்தத்தின் அளவில் உள்ளது. துருத்தி தருவது வளிமண்டல அழுத்தத்தைவிடச் சிறிதளவே மிகுந்த காற்று. பஞ்சர் கடையின் கம்ப்ரசரோ வளிமண்டலத்தைப் போல் ஏழெட்டு மடங்கு அழுத்தத்தில் காற்றைச் சேர்த்து வைக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில், கையால் சுழற்றும் ஊதுவிசிறியும் பின்னர் மின்மோட்டாரில் ஓடும் புளோவரும் பட்டறைகளில் துருத்தியின் இடத்தைப் பிடித்தன. அப்போதும் பட்டறை ஊரின் ஓரத்திலோ தெருவின் கடைசியிலோதான் இருந்தது. நெருப்புக்கு அஞ்சி வைத்த அந்தத் தொலைவு, சம்மட்டியின் ஓசைக்கும் ஊதுவிசிறியின் ஓசைக்கும் சேர்த்தே பயன்பட்டது.

டயரும் பஞ்சாலையும்

அழுத்தப்பட்ட காற்று கொங்கு நாட்டுச் சாலைகளுக்கு வந்தது மோட்டார் வண்டியுடன். ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்துடன் தொடங்கிய போக்குவரத்து, யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரும் நிறுவனமாக வளர்ந்தது, எல்.ஜி. பாலகிருஷ்ணன் சகோதரர்களின் போக்குவரத்து நிறுவனம் 1937இல் உருவானது. பேருந்து பெருகப் பெருக, டயருக்குக் காற்றடிக்கவும், வண்டியின் அடிப்பாகத்தை நீரால் பீய்ச்சிக் கழுவவும், கிரீஸ் ஏற்றவும் காற்றழுத்தக் கருவிகள் தேவைப்பட்டன. பாலகிருஷ்ணன் குடும்பத் தொழில்களின் கிளையாக 1960இல் கோவையில் தொடங்கப்பட்ட எல்ஜி எக்விப்மென்ட்ஸ், வண்டிப் பணிமனைகளுக்கான கருவிகளையும் கம்ப்ரசர்களையும் செய்த நிறுவனமாகவே தன் பயணத்தைத் தொடங்கியது. பின்னாளில் அது திருகு வடிவச் சுழலிகளைக் கொண்ட ஸ்குரூ கம்ப்ரசர்களை உலகச் சந்தைக்கு அனுப்பும் நிலைக்கு உயர்ந்து, 2019இல் ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது.

கோவையில் இத்தொழில் வேரூன்றியதற்கு அடித்தளம் முன்னரே அமைந்திருந்தது. 1888இல் தொடங்கிய ஸ்டேன்ஸ் ஆலை முதலாகப் பெருகிய நூற்பாலைகளும், 1930களின் தொடக்கத்தில் பைக்காராவிலிருந்து வந்த மின்சாரமும், கிணற்றுப் பாசனத்துக்கு வேண்டிய பம்புசெட்டுகளும் சேர்ந்து, வார்ப்படச் சாலைகளையும் லேத் பட்டறைகளையும் ஊரெங்கும் உண்டாக்கின. பம்புக்கு வார்ப்பிரும்பு உடலை வார்க்கத் தெரிந்த பட்டறைக்குக் கம்ப்ரசரின் சிலிண்டரை வார்ப்பது எட்டாத வேலையன்று. மோட்டார், பெல்ட், புல்லி, பிஸ்டன் ரிங் ஆகியவை அதே கடைவீதியில் கிடைத்தன. ஆகவே பெரிய நிறுவனங்களோடு சிறு பட்டறைகளும் பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசர்களைச் செய்து விற்கும் நகரமாகக் கோவை மாறியது.

நூற்பாலையில் காற்று வேறு வகையிலும் வேலை செய்தது. நூற்கும்போது அறுந்த இழையிலிருந்து வரும் பஞ்சை உறிஞ்சி ஒதுக்கும் நியுமாஃபில் என்னும் அமைப்பு, ஒவ்வொரு கதிரின் அருகிலும் ஒரு உறிஞ்சு துளையை வைத்து, அவை அனைத்தையும் ஒரே விசிறியுடன் இணைத்தது. கோன் சுற்றும் இயந்திரத்தில் முடிச்சுக்கு மாற்றாக, இரு நூல்முனைகளையும் காற்றின் வீச்சால் ஒன்றோடொன்று பின்னி இணைக்கும் ஸ்பிளைசர் வந்தது. மூலனூரில் ஏலம் போகும் பருத்தி, நூலாகி வெளிவருவதற்குள், இவ்வாறு உறிஞ்சும் காற்றையும் ஊதும் காற்றையும் பலமுறை கடக்கிறது. ஆயினும் ஆலையின் இரைச்சல் ஆலைச் சுவருக்குள் நின்றது. அதைச் சுமந்தவை தொழிலாளர்களின் காதுகள்.

ஆழ்துளைக் கிணற்றின் காற்று

மூலனூர் போன்ற வறண்ட வட்டாரங்களில் கம்ப்ரசர் என்னும் சொல் முதலில் நினைவூட்டுவது தண்ணீரை. 1960களின் இறுதியில், வறட்சிக் காலக் குடிநீருக்காக யூனிசெஃப் அமைப்பின் உதவியுடன் இந்தியாவுக்கு வந்த காற்றழுத்தத் துளையிடும் இயந்திரங்கள், கடினப் பாறையில் ஆழமாகத் துளையிடுவதை விரைவான வேலையாக்கின. இதில் துளையின் அடியிலேயே ஒரு சுத்தி, அழுத்தப்பட்ட காற்றால் இயங்கிப் பாறையைப் பொடிக்கிறது. அதே காற்று அந்தப் பொடியை மேலே ஊதித் தள்ளுகிறது. கொங்கு நாட்டின் அடிநிலம் பெரும்பாலும் நைஸ் போன்ற படிகப் பாறை என்பதால் இம்முறை இங்குப் பெரிதும் பொருந்தியது. திருச்செங்கோடு, லாரியில் ஏற்றிய ரிக் வண்டிகளை நாடெங்கும் அனுப்பும் மையமாக உருவெடுத்தது. ரிக் வண்டியின் பெரிய டீசல் கம்ப்ரசர் எழுப்பும் ஓசை ஊர் முழுதும் கேட்கும். ஆனால் அது ஓரிரு நாளில் ஓய்ந்துவிடும் என்பதாலும், தண்ணீர் கிடைத்ததற்கான அடையாளமாக அமையலாம் என்பதாலும் பொறுத்துக்கொள்ளப்பட்டது.

துளையிட்ட பின் நீரை மேலேற்றவும் கம்ப்ரசரே பயன்பட்டது. துளைக்குள் ஒரு நீர்க்குழாயையும் அதனோடு ஒரு மெல்லிய காற்றுக்குழாயையும் இறக்கி, நீர்மட்டத்துக்கு வெகு ஆழத்தில் காற்றைச் செலுத்தினால், குமிழிகள் கலந்த நீர் சுற்றியுள்ள நீரைவிட எடை குறைந்ததாகிக் குழாயின் வழியே மேலேறுகிறது. ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் லோஷர் 1797இல் விளக்கிய இந்தக் காற்றேற்ற முறையில், துளைக்குள் நகரும் உறுப்பு எதுவும் இல்லை. மணலும் சேறும் வரும் கிணற்றிலும், நீர் சிறிது சிறிதாகவே ஊறும் கிணற்றிலும் மோட்டார் கெடாமல் நீரெடுக்க முடிந்தது. பழுது ஏற்பட்டாலும் எல்லாம் தரைமேல் இருந்ததால் உள்ளூர் மெக்கானிக்கே சரிசெய்தார். செலவாகும் மின்சாரத்தோடு ஒப்பிட்டால் கிடைக்கும் நீர் நீர்மூழ்கி மோட்டாரைவிடக் குறைவு. ஆனால் 1990இல் தமிழகத்தில் வேளாண் மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்ட பின் அந்தக் குறை விவசாயியின் கணக்கில் இடம்பெறவில்லை.

இதன் விளைவாகத் தோட்டந்தோறும் சிறிய மோட்டார் அறையும், அதனுள் மணிக்கணக்கில் தட்டிக்கொண்டிருக்கும் பெல்ட் கம்ப்ரசரும் வந்தன. அந்த ஓசையைக் குறைக்க எவரும் செலவிட்டதில்லை. கிணறும் வீடும் தனித்தனியே இருந்தமையால் இடைப்பட்ட காடே தடுப்பாக அமைந்தது. சில வேளைகளில், மோட்டார் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்பதை வீட்டிலிருந்தே அறிய அந்த ஓசை உதவவும் செய்தது. இப்பகுதி மக்கள் கம்ப்ரசரைப் பிரித்துப் பூட்டவும், வால்வுத் தகட்டை மாற்றவும், ஆயில் அளவைப் பார்க்கவும் பழகியது பெரும்பாலும் இந்தத் தோட்டத்து அறைகளில்தான்.

பனியன் கூடத்தில் தள்ளும் காற்றும் இழுக்கும் காற்றும்

திருப்பூரில் 1925இல் குலாம் காதர் சகோதரர்கள் பேபி நிட்டிங் நிறுவனத்தைத் தொடங்கியபோது பின்னல் இயந்திரங்கள் கையால் சுழற்றப்பட்டன. 1978இல் இத்தாலிய வணிகர் வெரோனாவின் கொள்முதலோடு ஏற்றுமதி தொடங்கிய பிறகு, உள்ளாடை தைத்த நகரம் பலவகை ஆடைகளைத் தைக்கத் தலைப்பட்டது. அதனோடு காற்றின் பயன்பாடும் பெருகியது. வட்டப்பின்னல் இயந்திரத்தின் ஊசிகளுக்கு எண்ணெயைத் தூவலாக்கித் தரவும், படிந்த பஞ்சுத் தூசியை ஊதி அகற்றவும், பிரஸ் பட்டன் பதிக்கவும், லேபிளையும் படத்தையும் வெப்பத்தால் ஒட்டும் அச்சு இயந்திரத்தை அழுத்தவும் கம்ப்ரசர் காற்று வேண்டியிருந்தது. ஆர்டரின் அளவு ஏறி இறங்கியதால், வேலையைப் பகுதி பகுதியாக வெளியே கொடுக்கும் ஜாப் ஒர்க் முறை வளர்ந்து, தையல், பட்டன், பிரிண்டிங், செக்கிங் முதலியவை சிறு கூடங்களுக்கும் வீடுகளுக்கும் சென்றன. இந்த வலை நகரின் எல்லையைத் தாண்டி, காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரங்களின் ஊர்கள் வரை விரிந்தது.

இழுக்கும் காற்று இத்தொழிலில் இரண்டு வேறுபட்ட வடிவங்களில் காணப்படுகிறது. வழக்கில் இரண்டுமே வேக்குவம் என அழைக்கப்பட்டாலும் அவற்றின் இயல்பு வேறு. அயர்ன் செய்யும் வேக்குவம் டேபிளிலும், ஆடையில் ஒட்டிய நூல் துணுக்குகளை உறிஞ்சும் இயந்திரத்திலும் உள்ளது வேகமாகச் சுழலும் விசிறி. அது மிகுந்த அளவு காற்றை நகர்த்துகிறது, ஆனால் உண்டாக்கும் அழுத்தக் குறைவு சிறிது. நீராவியைத் துணியின் ஊடே இழுத்து உலர்த்த அதுவே போதும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஃபிலிமைச் சட்டத்தோடு இறுக்கி ஒளிபடச் செய்யும் எக்ஸ்போசிங் டேபிளுக்கோ நேர்மாறானது தேவை: ரப்பர் விரிப்புக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள சிறிதளவு காற்றை முடிந்தவரை வெளியேற்ற வேண்டும். ஒரு சதுர சென்டிமீட்டரில் வளிமண்டலம் செலுத்தும் விசை ஏறக்குறைய ஒரு கிலோகிராம் என்பதால், 60 சென்டிமீட்டர் அகலமும் 90 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட விரிப்பின் அடியிலிருந்து ஐந்தில் நான்கு பங்கு காற்றை எடுத்துவிட்டால், நான்கு டன்னுக்கும் மிகுந்த விசை ஃபிலிமைச் சட்டத்தோடு அழுத்துகிறது. இவ்வளவு பெரிய விளைவுக்குத் தேவைப்படும் பம்பு மிகச் சிறியது.

வீட்டு முன்னறையில் பட்டன் பதிக்கும் இயந்திரமும், பின்னறையில் எக்ஸ்போசிங் டேபிளும் வைத்த குடும்பத்துக்கு, பெல்ட் கம்ப்ரசரை நிறுத்தப் பொருத்தமான இடம் கிடைப்பதில்லை. தோட்டத்தில் காடு செய்த வேலையை இங்கே ஒரு சுவர் செய்ய வேண்டும். அச்சுவருக்கு அப்பால் இருப்பது அடுத்த வீடு. இரவில் முடித்துக் காலையில் வண்டியேற்ற வேண்டிய ஆர்டர் வந்தால் இச்சிக்கல் இன்னும் கூர்மையடைகிறது.

ஃப்ரிட்ஜின் சீல்டு கம்ப்ரசர்

இதற்கான விடை காற்றழுத்தத் தொழிலிலிருந்து வரவில்லை, சமையலறையிலிருந்து வந்தது. வீட்டுக்குள் இரவும் பகலும் ஓடியாக வேண்டிய முதல் கம்ப்ரசர், குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரசராகும். தொடக்கக் காலக் குளிர்பதன இயந்திரங்களில் மோட்டார் தனியாகவும் கம்ப்ரசர் தனியாகவும் இருந்து, இரண்டையும் பெல்ட் இணைத்தது. சுழலும் தண்டு வெளியேறும் இடத்தில் வாயு கசிந்தது. கசிவை நிறுத்த, மோட்டாரையும் கம்ப்ரசரையும் ஒரே எஃகுக் கூட்டுக்குள் வைத்து மூடும் முறையை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1927இல் வெளியிட்ட மானிட்டர் டாப் ஃப்ரிட்ஜ் பரவலாக்கியது. இந்தியாவில் கோத்ரெஜ் 1958இல் ஃப்ரிட்ஜ் உற்பத்தியைத் தொடங்கியது. கசிவைத் தடுப்பதற்காக வந்த மூடிய கூடு, ஓசையையும் உள்ளேயே நிறுத்தியது. பின்வந்த வடிவமைப்பாளர்கள் உள்ளிருக்கும் இயந்திரத்தை ஸ்பிரிங்குகளில் தொங்கவிட்டு, வாயு நுழையும் வழியில் மஃப்ளர் என்னும் சிறு அறையையும் சேர்த்தனர். பெல்ட் கம்ப்ரசர் ஒரு மீட்டர் தொலைவில் 80 டெசிபலை ஒட்டியோ அதற்கு மேலோ ஒலிக்க, ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் ஏறத்தாழ 40 டெசிபலில் நிற்கிறது. டெசிபல் அளவையில் ஒவ்வொரு 10 ஏற்றமும் ஒலியாற்றல் பத்து மடங்காவதைக் குறிக்கும். எனவே இந்த 40 டெசிபல் இடைவெளி பத்தாயிரம் மடங்கு வேறுபாடாகும்.

கெட்டுப்போன ஃப்ரிட்ஜின் உடல் பழைய இரும்புக்குப் போனாலும், அதன் கம்ப்ரசர் பெரும்பாலும் ஓடும் நிலையில்தான் இருக்கும். ஃப்ரிட்ஜில் புது வாயு ஏற்றுவதற்கு முன் குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வெளியேற்ற வேண்டும் என்பதால், ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குகள் இப்பழைய கம்ப்ரசரையே வேக்குவம் பம்பாக வைத்துக்கொள்வது நாடெங்கும் பரவிய வழக்கம். உறிஞ்சும் குழாயைப் பயன்படுத்தினால் அது வேக்குவம் பம்பு. தள்ளும் குழாயைப் பயன்படுத்தினால் அதுவே கம்ப்ரசர். சிறு பட்டறைகளும் பொழுதுபோக்காக இயந்திரம் செய்வோரும் அதை எடுத்தாண்டது இவ்வழியில்தான். ஏறக்குறைய அதே காலத்தில், பல் மருத்துவமனைகளுக்கென எண்ணெய் இல்லாத ஓசை குறைந்த கம்ப்ரசர்கள் சிறு நகரங்களுக்கும் வந்தன. அவற்றில் பிஸ்டனின் விளிம்பில் டெஃப்லான் கிண்ணம் பொருத்தப்பட்டிருப்பதால் மசகெண்ணெய் தேவைப்படுவதில்லை.

ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரின் வரம்புகளை எளிய கணக்கால் அறியலாம். ஒரு சுற்றுக்கு 7 கன சென்டிமீட்டர் வாயுவை நகர்த்தி, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 2,900 சுற்று ஓடும் கம்ப்ரசர், இழப்பே இல்லாவிட்டாலும் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றையே தரும். நடைமுறையில் 15 லிட்டர் எனக் கொண்டால், 50 லிட்டர் டேங்க்கை 6 பார் அழுத்தத்துக்கு நிரப்ப 20 நிமிடம் ஆகும். 50 மில்லிமீட்டர் விட்டமும் அதே அளவு நகர்வும் கொண்ட காற்றுச் சிலிண்டரால் இயங்கும் பட்டன் இயந்திரம் ஒரு குத்துக்கு முக்கால் லிட்டருக்கும் குறைவான காற்றையே உண்பதால், நிமிடத்துக்குப் பத்துக் குத்து என்ற வேகத்துக்கு இக்கம்ப்ரசர் தாராளமாக ஈடுகொடுக்கும். பஞ்சுத் தூசியை ஊதும் ஏர் கன்னுக்கோ இது பயன்படாது. 2 மில்லிமீட்டர் துளை அதே அழுத்தத்தில் நிமிடத்துக்கு 200 லிட்டருக்கும் மேல் காற்றை வெளியேற்றிவிடும்.

எண்ணெய் மற்றொரு சிக்கல். ஃப்ரிட்ஜின் மூடிய சுற்றில், வாயுவோடு கலந்து செல்லும் எண்ணெய் மீண்டும் கம்ப்ரசருக்கே திரும்பிவிடும். திறந்த காற்றில் வேலை செய்யும்போது அது டேங்க்குக்கும் துணிக்கும் போய்ச் சேர்கிறது, கூட்டுக்குள் எண்ணெய் வற்றுகிறது. வெள்ளைப் பனியனில் ஒரு துளி எண்ணெய் விழுந்தால் அந்த உருப்படி கழிக்கப்படும் என்பதால், வெளியேறும் வழியில் எண்ணெய் பிரிப்பானும் ஃபில்ட்டரும் இன்றியமையாதவை. மேலும், டேங்க்கில் அழுத்தம் இருக்கும்போது இந்த மோட்டாரால் மீண்டும் புறப்பட இயலாது; ஒருவழி வால்வை வைத்து, மோட்டார் நிற்கும்போது வால்வுக்கும் கம்ப்ரசருக்கும் இடைப்பட்ட குழாயிலுள்ள காற்றை வெளியேற்றியாக வேண்டும். வேக்குவம் வேலையிலும் எல்லை உண்டு: ரீட் வால்வு திறக்கச் சிறிதளவு அழுத்த வேறுபாடு தேவைப்படுவதாலும், பிஸ்டன் மேலேறிய பின்னும் சிலிண்டர் தலையில் சிறிது காற்று தங்கிவிடுவதாலும், ஓரளவுக்குமேல் அது காற்றை எடுக்காது. விரிப்பை அழுத்த அது போதும். புதிய குளிர்பதன இயந்திரத்திலிருந்து ஈரத்தை முற்றிலும் நீக்குவதற்கு, வில்ஹெல்ம் கேடே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய சுழல் எண்ணெய்ப் பம்பின் வழிவந்த இரண்டடுக்குப் பம்பே வேண்டும்.

கைவினைஞர்களின் இத்தகைய ஆக்கங்களில் மிகுந்த ஆபத்து டேங்க்கில் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் குறைந்த காற்றைத் தந்தாலும், நிறுத்தாவிட்டால் மிக உயர்ந்த அழுத்தம் வரை ஏற்றிக்கொண்டே செல்லும்; ஆகவே பிரஷர் சுவிட்ச் ஒன்றை மட்டும் நம்பாமல் சேஃப்டி வால்வும் வேண்டும். வாயு நிரப்பி வரும் மெல்லிய தகட்டு டின்களும், அடையாளம் தெரியாத பழைய சிலிண்டர்களும் காற்றுத் தொட்டியாகத் தகுதியற்றவை. காற்றிலுள்ள ஈரம் டேங்க்கின் அடியில் நீராகத் தங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்வதால், நாள்தோறும் அதை வடிக்க வேண்டும். சோதனையின்போது காற்றுக்குப் பதிலாக நீரை நிரப்பி அழுத்துவதற்குக் காரணம், நீர் அமுங்காததால் கலம் பிளந்தாலும் சிதறாது என்பதே.

இரைச்சலை அடக்கும் வழிகள்

அதிகக் காற்று தேவைப்படும் இடத்தில் பெல்ட் கம்ப்ரசரையே வைத்துக்கொண்டு அதன் ஓசையைக் குறைக்க வேண்டியிருக்கிறது. அந்த ஓசையின் பெரும்பகுதி காற்றை உள்ளிழுக்கும் வாயில் பிறக்கிறது. நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும் ஒற்றைச் சிலிண்டர் கம்ப்ரசர், ஒரு வினாடிக்கு 13 முறை காற்றை வெடுக்கென்று உறிஞ்சுகிறது. அந்தத் துடிப்பும் வால்வுத் தகடு அடித்துக்கொள்ளும் ஓசையும் அவ்வாய் வழியே வெளிவருகின்றன. துப்பாக்கிக்கு ஓசையடக்கி செய்த ஹைரம் பெர்சி மேக்சிம், அதே கருத்தை எஞ்சின்களுக்கும் கம்ப்ரசர்களுக்கும் விரித்துத் தொழிலாக்கினார்: குழாயின் வழியில் அகன்ற அறைகளை அமைத்தால், துடிப்பு அவற்றில் விரிந்து வலுவிழந்து வெளியேறுகிறது. மோட்டார் சைக்கிளின் சைலன்சரைக் கம்ப்ரசரின் வாயில் பொருத்தும் பட்டறை வழக்கத்துக்குப் பின்னால் இருப்பதும் இந்த விதியே.

எஞ்சிய ஓசை இயந்திரத்தின் உடலிலிருந்தும் தரையிலிருந்தும் வருகிறது. காற்றில் செல்லும் ஒலியைத் தடுப்பது எடை. சுவரின் எடை இரட்டிப்பானால் தடுப்பு ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். ஆகவே தெர்மகோல் போன்ற இலேசான பொருள்களைவிடச் செங்கற்சுவரே பயன் தரும். அடைப்பின் உட்புறத்தில் ஒலியை விழுங்க நாரும் இழையும் மிகுந்த பொருள் தேவை. கண்ணாடிப் பஞ்சும், தென்னை நார் விரிப்பும் அதற்கு ஏற்றவை. திருப்பூர் வட்டாரத்தில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும் பனியன் வேஸ்ட்டுக்கும் ஒலியை விழுங்கும் இயல்பு உண்டு என்றாலும், சூடான இயந்திரத்தின் அருகில் எண்ணெய் படிந்த துணி நெருப்புக்கு இடமளிக்கும். தரைவழிச் செல்லும் அதிர்வைத் தடுக்க, இயந்திரத்தின் கால்களுக்கு அடியில் ரப்பரும், குழாயின் தொடக்கத்தில் வளையும் ஹோஸும் வேண்டும்.

அடைப்பு முழுமையாக இருந்தால் இயந்திரம் வெந்துவிடும் என்பதுதான் இம்முயற்சிகள் அனைத்தின் இக்கட்டு. கம்ப்ரசர் உண்ணும் மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகவே வெளிவருகிறது. கொங்கு நாட்டின் சித்திரை வெயிலில் ஓடு வேய்ந்த சாய்ப்பில் அந்த வெப்பத்தை வெளியேற்ற வழியில்லாவிட்டால் எண்ணெய் கருகி வால்வில் படியும். காற்று நுழையவும் வெளியேறவும் வளைந்து செல்லும் வழிகளை அமைத்து, அவற்றின் உட்புறத்தையும் நார்ப் பொருளால் பொதிந்தால், காற்று திரும்பிச் செல்ல, ஒலி சுவரில் மோதி விழுங்கப்படும்.

இரு சட்டங்களுக்கு இடையில்

இந்திய அரசு 2000இல் வெளியிட்ட ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என வரம்பிட்டன. தொழிற்பகுதிக்குரிய வரம்பு பகலில் 75, இரவில் 70. வீட்டு முன்னறையில் ஓடும் பெல்ட் கம்ப்ரசர் தொழிற்பகுதியின் இரைச்சலைக் குடியிருப்பில் எழுப்புகிறது. மறுபுறம், தொழிலாளியின் காதைக் காக்க எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்ற எல்லையை வகுத்தது தொழிற்சாலைச் சட்டத்தின் கீழான விதிமுறை. அந்தச் சட்டம் 1948 முதல் நெடுங்காலம், மின்விசையோடு பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்தையே தொழிற்சாலையாகக் கொண்டது. முதல் விதி அடுத்த வீட்டாரின் உறக்கத்தைக் கருதியது. இரண்டாவது, பெரிய கூடத்தின் தொழிலாளியைக் கருதியது. தன் வீட்டிலேயே தன் குடும்பத்தோடு ஜாப் ஒர்க் செய்பவர் இரண்டிலும் முழுமையாக அடங்கவில்லை. இயந்திரத்துக்கு மிக அருகில் நாள் முழுதும் இருப்பவர்களும், அதே அறையில் பாடம் படிக்கும் பிள்ளைகளும் எந்த அளவீட்டிலும் இடம்பெறவில்லை.

இப்பின்னணியில் பார்த்தால், பழைய ஃப்ரிட்ஜின் கம்ப்ரசரைக் கழற்றி எடுத்து வீட்டுப் பட்டறைக்குப் பொருத்தியவர்களின் வேலை வெறும் சிக்கனம் ஆகாது. பட்டறை ஊரோரத்தில் இருந்தபோது தொலைவும், தோட்டத்தில் காடும், ஆலையில் மதிற்சுவரும் இலவசமாகச் செய்த வேலையை, தொழில் சிதறி வீடுகளுக்குள் வந்தபோது யாரேனும் ஒருவர் காசு கொடுத்துச் செய்ய வேண்டியதாயிற்று. ஆர்டர் கொடுத்த நிறுவனம் இயந்திரத்தை வைக்கும் இடத்தைச் சேமித்தது. அதனால் எழுந்த இரைச்சலையும், அதைக் குறைக்கும் செலவையும் வேலையை ஏற்ற குடும்பம் சுமந்தது. பனியன் தொழிலின் வரலாற்றில் கூலி, நூல் விலை, சாயக் கழிவு ஆகியவை கணக்கிடப்பட்டுள்ளன. மூலனூர் போன்ற ஊர்களுக்கு வேலை பகிர்ந்தளிக்கப்பட்ட விதத்தை எழுத முற்படும் எவரும், துண்டுக்கு இவ்வளவு எனக் கணக்கிட்ட கூலிக்குள் அமைதியின் விலை சேர்க்கப்படவில்லை என்பதையும் அந்தக் கணக்கில் கொண்டுவர வேண்டும்.